‘முன்னேறு’: இரண்டு வாக்கியம் கேட்டால் என்ன எழுதுவது?

தலவாக்கலையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “மகள் தரம் 7 படிக்கிறாள். தவணைப் பரீட்சையில் ‘முன்னேறு’ என்ற சொல்லை நேர்ப்பொருளிலும் உருவகப் பொருளிலும் வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருந்தார்கள். ‘நான் படிப்பில் முன்னேறினேன்’, ‘எங்கள் தோட்டம் முன்னேறியது’ என்று எழுதினாள். பாதிப் புள்ளிதான் கிடைத்தது. பிழை ஒன்றும் தெரியவில்லையே, ஏன்?”

புள்ளி போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். இரண்டு வாக்கியமும் உருவகம். படிப்பில் முன்னேறிய பிள்ளை இருந்த இடத்தை விட்டு ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. தோட்டத்துக்கு ரோட்டு வந்திருக்கும், தண்ணீர்க் குழாய் வந்திருக்கும். தோட்டம் பெயர்ந்து நானுஓயாவுக்குப் போய்விடவில்லை.

மகளைக் குறை சொல்லவும் முடியாது. மேதின மேடையிலும் பரிசளிப்பு விழாவிலும் பிள்ளைகளின் காதில் விழுவது உருவக முன்னேற்றம் மட்டுமே. நேர்ப்பொருளில் இந்தச் சொல்லை அன்றாடப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. ‘பஸ் ஹட்டனுக்கு முன்னேறியது’ என்று எழுதிப் பாருங்கள். இலக்கணம் குற்றம் சொல்லாது, காது ஒத்துக்கொள்ளாது. பஸ் போகும், வரும், அவ்வளவுதான். எதிரே ஏதாவது மறித்தால்தான் ‘முன்னேறு’ பொருந்துகிறது. ‘பனிமூட்டத்தில் பாதை தெரியாமல் பஸ் மெல்ல மெல்ல முன்னேறியது’ என்றால் உடனே ஒட்டிக்கொள்கிறது. சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பக்கத்துப் படிகளில் ஏறியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: ‘கூட்டம் ஒவ்வொரு படியாக முன்னேறியது.’ செய்திகளில் படை முன்னேறுவதும் இதனால்தான். அங்கே மறிப்பதற்கு எதிரி இருக்கிறான்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை. செடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், காலில் அட்டை ஏறும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனக்கும். கை இலையைக் கிள்ளிக்கொண்டே இருக்க, இடுப்பால் செடியை விலக்கித்தான் அடுத்த செடிக்குப் போகவேண்டும். ‘அம்மா கொழுந்து கிள்ளியபடி நிரையில் முன்னேறினார்’ என்று உங்கள் மகள் எழுதியிருந்தால் நான் முழுப் புள்ளியும் போட்டு, பக்கத்தில் ஒரு ‘நன்று’ம் எழுதியிருப்பேன்.

சொல்லுக்குள் ‘ஏறு’ இருப்பதால் மேட்டில் போனால்தான் முன்னேறுவது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பதுளைக் கோச்சி (ரயில்) மலை உச்சிக்கு அருகிலுள்ள பட்டிப்பொலயைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் சுரங்கத்தைக் கடந்து இறங்கத் தொடங்கிவிடுகிறது. மழையில் ஊர்ந்து இறங்கினாலும் அது முன்னேறுகிறது என்றே சொல்லலாம். மேடோ பள்ளமோ, திசை முன்பக்கமாக இருந்தால் போதும்.

எது நேர்ப்பொருள், எது உருவகம் என்று பிரிக்க வேற்றுமை உருபைப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு: ‘நோக்கி’ வந்தால் நேர்ப்பொருள், ‘இல்’ வந்தால் உருவகம் என்று. இதை நம்பவேண்டாம். ‘வரிசையில் முன்னேறினான்’ நேர்ப்பொருள், ‘தரவரிசையில் முன்னேறினான்’ உருவகம், இரண்டிலும் ‘இல்’தான். ‘இலக்கை நோக்கி முன்னேறினாள்’ என்பதில் ‘நோக்கி’ இருந்தும் அது உருவகம். எழுவாய் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு உண்மையிலேயே நகர்ந்ததா என்று மட்டும் பிள்ளையைக் கேளுங்கள். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த ஒரு நிகழ்வை வைத்தே இரண்டையும் எழுதலாம். ‘நடைபவனி மாத்தளையை நோக்கி முன்னேறியது.’ ‘அந்தக் காலத்தில் அந்த வழியே நடந்து வந்தவர்களின் பரம்பரையினர் கல்வியில் முன்னேறினார்கள்.’

இந்தச் சொல்லைப் பிள்ளைக்கு விளக்கப் பேச்சுவழக்கும் கைகொடுக்கும். பஸ்ஸில் கொண்டக்டர் “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க” என்று தள்ளுவது நேர்ப்பொருள். “அவரு மகன் படிச்சு முன்னுக்கு வந்துட்டான்” என்று லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஆச்சி சொல்வது உருவகம். வேடிக்கை என்னவென்றால், ‘முன்னுக்கு வா’ என்று வகுப்பில் டீச்சர் கூப்பிட்டால் அதுவே நேர்ப்பொருளாகிவிடும். இது பேச்சுக்குத்தான், விடைத்தாளில் ‘முன்னேறு’ என்றே எழுதட்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் புள்ளி போகும். ஒன்று, ‘முன்னேற்று’. ‘நான் படிப்பில் முன்னேற்றினேன்’ என்று எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர். தானே செய்தால் முன்னேறினேன், பிறரைச் செய்வித்தால் முன்னேற்றினேன். ‘அதிபர் பாடசாலையை முன்னேற்றினார்’ என்பதில் ‘ஐ’ உருபு வந்திருப்பதைக் காட்டுங்கள். ‘முன்னேறு’ அந்த ‘ஐ’யை ஏற்காது. ‘பஸ் லொறியை முன்னேறியது’ பிழை, அங்கே ‘முந்தியது’ வரவேண்டும்.

மற்றது, கேட்ட சொல்லை மாற்றிவிடுவது. ‘முன்னேறு’ என்று கேட்டால் முன்னேறினான், முன்னேறுவோம், முன்னேறி என்று காலம், இடம், எச்சம் எதற்கேற்பவும் திரிக்கலாம். ‘முன்னேற்றம் அடைந்தான்’ என்றால் வினை பெயராகிவிடுகிறது. சிலர் புள்ளி கொடுப்பார்கள், சிலர் கொடுக்கமாட்டார்கள். பரீட்சையில் அந்த வில்லங்கம் எதற்கு? வினையாகவே எழுதச் சொல்லுங்கள்.