பனிக்காலத்து இருமலும் மூக்கெரிச்சலும்: மருத்துவரின் கேள்வி பதில்

நீலகிரியிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் கார்த்திகை முதல் மாசி வரை வந்துபோகும் இருமல், மூக்கொழுகல், மூக்கெரிச்சல் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, மலையில் நெடுங்காலம் பணியாற்றிய காது மூக்கு தொண்டை மருத்துவர் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: டாக்டர், நான் ஊட்டியில் பள்ளி ஆசிரியை. டிசம்பர், ஜனவரி காலைகளில் வீட்டுக்கு வெளியே கால் வைத்ததும் மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. வகுப்பறைக்குள் நுழைந்தால் நின்றுவிடுகிறது. தும்மலோ அரிப்போ இல்லை. இது அலர்ஜியா?

பதில்: அலர்ஜியாகத் தோன்றவில்லை, அம்மா. நாம் இழுக்கும் காற்றைத் தொண்டைக்குப் போகும் முன்பே சூடாக்கி ஈரமாக்கித் தருவதுதான் மூக்கின் முதன்மையான வேலை. உறைபனி விழும் காலையில் காற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதால், மூக்கின் உட்சவ்வு தன்னிடமுள்ள நீரை இழந்து வறண்டு, அந்த இழப்பை ஈடுசெய்யச் சுரப்பிகள் தேவைக்கு மேல் நீரைச் சுரக்கின்றன. அலர்ஜி மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. தூக்கம் வருவதுதான் மிச்சம். மூக்கையும் வாயையும் சேர்த்து மஃப்ளரால் மூடிக்கொண்டு நடந்தால், வெளிவிடும் மூச்சின் வெப்பமும் ஈரமும் உள்ளிழுக்கும் காற்றில் கலந்து தொல்லை பெருமளவு குறையும். அதுவும் போதாதவர்களுக்கு இப்ராட்ரோப்பியம் என்ற மருந்துள்ள மூக்குத் தெளிப்பானை மருத்துவர் எழுதித் தரலாம்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 36. ஒவ்வொரு பனிக்காலத்திலும் சளியில்லாத வறட்டு இருமல் இரண்டு மூன்று மாதம் நீடிக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் தூங்கவே முடிவதில்லை. ஆன்டிபயாடிக் பலமுறை சாப்பிட்டாகிவிட்டது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது.

பதில்: சாதாரண வைரஸ் சளிக்குப் பிறகு வரும் இருமல்கூட மூன்று வாரம் வரை இழுக்கும், அதற்கே ஆன்டிபயாடிக் பயன்படாது. எட்டு வாரத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட இருமல் என்கிறோம். புகைபிடிக்காதவராகவும் எக்ஸ்ரே சரியாகவும் இருந்தால் முதலில் மூன்று காரணங்களைத் தேடுவோம்: மூக்கின் பின்புறமிருந்து தொண்டைக்குள் இறங்கும் சளி, ஆஸ்துமா, இரைப்பை அமிலம் மேலேறுதல். படுத்தவுடன் இருமல் தொடங்கி, தொண்டையை அடிக்கடி செருமிக்கொண்டிருந்தால் முதலாவதையும், வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த இரவுகளில் நெஞ்செரிச்சலோடு கூடினால் மூன்றாவதையும் நினைப்பேன். உங்கள் கணவருக்கு விடியற்காலையில் முற்றுவதால் என் சந்தேகம் ஆஸ்துமாவின் மேல்தான் போகிறது. வீசிங் சத்தமே இல்லாமல் இருமலாக மட்டும் வெளிப்படும் ஆஸ்துமா உண்டு. எக்ஸ்ரேயில் அது தெரியாது. குளிர்காற்று அதை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கிறது. ஆகவே குளிரைக் குறை சொல்லிக்கொண்டு மாசி முடியும்வரை காத்திராமல், இருமல் இருக்கும்போதே ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அது இயல்பாக வந்தாலும் ஆஸ்துமா இல்லையென்று உறுதியாகிவிடாது.

ஆஸ்துமா என்று உறுதியானால் இன்ஹேலர் எழுதுவார்கள். ‘அது பழகிவிடும்’ என்ற அச்சம் நம் வீடுகளில் ஏனோ நீங்குவதேயில்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் என்ற மருந்தின் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம்தான், அதாவது 2 மில்லிகிராம் மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. உள்வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை எடுத்ததும் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அதிலும் மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால், சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மூக்குச் சொட்டு மருந்தை ஆறு மாதமாகப் போடுகிறேன். போடாவிட்டால் மூச்சே விட முடியவில்லை.

பதில்: இப்போது உங்கள் மூக்கை அடைப்பது பெரும்பாலும் அந்தச் சொட்டு மருந்துதான். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகை மருந்துகள் இரத்த நாளங்களைச் சுருக்கி உடனே வழி திறக்கும். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கும். ஒரு பக்க மூக்கில் முதலில் நிறுத்தி, அது சரியானதும் மறுபக்கம் நிறுத்துவது பலருக்கு எளிதாக இருக்கிறது. அந்த இடைக்காலத்துக்கு ஸ்டீராய்டு தெளிப்பானைப் பயன்படுத்தலாம். அது முழுப் பலன் தர இரண்டு வாரம்வரை ஆகலாம் என்பதால், மூன்றாம் நாளே பயனில்லை என்று தூக்கியெறிய வேண்டாம். வலக்கையால் இடப்பக்கத்திலும், இடக்கையால் வலப்பக்கத்திலும் அடித்தால் மருந்து நடுச்சுவரில் படாது. இரத்தக் கசிவும் குறையும்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்கு மூக்கு அடைத்திருக்கிறது. குளிப்பாட்டியதும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சாம்பிராணி போட்டு, நாக்கில் தேன் தடவ வேண்டும் என்கிறார் என் மாமியார். செய்யலாமா?

பதில்: மூன்றும் வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் உடல் அதை வெளியேற்ற முடியாமல் எண்ணெய் நிமோனியா வரும். பல வாரம் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். சாம்பிராணிப் புகை, அடைத்த மூக்கை மேலும் எரிச்சலூட்டும். தேன் ஒரு வயதுக்குப் பிறகு இரவு இருமலுக்கு நல்லதுதான். அதற்கு முன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நரம்பு நோய் வரும் அபாயம் உண்டு. கற்பூரம் கலந்த தைலத்தையும் அருகில் கொண்டுபோக வேண்டாம். விழுங்கினால் வலிப்பு வரும். பால் கொடுப்பதற்கு முன் கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு ஒவ்வொரு பக்கமும் ஓரிரு துளி விட்டாலே போதும்.

இருமல் சிரப்பும் வாங்காதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்த சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. நெஞ்சுக்கூடு உள்வாங்கும்படி வேகமாக மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாமியாரிடம் இவற்றை நானே சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குள் மனத்தாங்கல் வர வேண்டாம்.

கேள்வி: உப்புநீரால் மூக்கைக் கழுவுவது எரிச்சலைக் குறைக்குமா? குழாய்த் தண்ணீர் போதுமா?

பதில்: குறைக்கும், குழாய்த் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஏறத்தாழ 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அங்குள்ளவர்கள் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கால் லிட்டருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் போதும். வெறும் தண்ணீரோ உப்பு மிகுந்த நீரோ எரியும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பிரஷருக்கு ராமிப்ரில் சாப்பிடத் தொடங்கியபின் வறட்டு இருமல். பனியால்தானே?

பதில்: மாத்திரையாலும் இருக்கலாம். அந்த வகை மருந்துகளுக்கு வறட்டு இருமல் தெரிந்த பக்கவிளைவு. தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் டெல்மிசார்ட்டான் போன்ற ஒன்றுக்கு மாற்றித் தருவார். மாற்றிய பிறகும் இருமல் அடங்கச் சில வாரம் ஆகும்.

கேள்வி: ஆடாதோடை, அதிமதுரக் கஷாயங்களை நீங்கள் ஏற்பதில்லையா, ஐயா?

பதில்: ஏற்காமல் என்ன? ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவானதுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து. உடலில் அது மாறி உண்டாகும் பொருளே இன்று பல சிரப்புகளில் இருக்கும் அம்ப்ராக்சால். வேலை செய்யும் மருந்து என்பதாலேயே எச்சரிக்கையும் தேவை. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும், ஆகையால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதிமதுரத்தைத் தினமும் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். முந்தைய கேள்வியிலுள்ள அப்பாவுக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். ஜன்னலைச் சாத்திக் கம்பளி போர்த்திப் படுத்தும் எல்லோருக்கும் இரவில் தும்மல், மூக்கரிப்பு. அறையில் கரி கணப்பு வைக்கலாமா?

பதில்: மூடிய அறையில் கரி கணப்பு வைத்துத் தூங்கவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். தும்மலுக்குக் காரணம் பெரும்பாலும் கம்பளிதான். மழைக்காலம் முழுவதும் பெட்டிக்குள் ஈரம் வாங்கிய கம்பளியில் தூசிப்பூச்சி பெருகியிருக்கும். வெயில் அடிக்கும் நாளில் நன்றாக உதறிக் காயவைத்து, துவைக்கக்கூடிய பருத்தி உறை போட்டுப் போர்த்திக்கொள்ளுங்கள். தலையணை உறை, படுக்கை விரிப்பு, கம்பளி உறை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரிச் சூட்டு வெந்நீரில் துவையுங்கள். சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் கட்டிலை அங்கிருந்து நகர்த்தி, பகலில் இரண்டு மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.