கார்க் கதவு ஸ்பீக்கருக்கு உள்ளே தெரியும் மூடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் காரின் முன்கதவுகளில் இருந்த பழைய ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு, ஆறரை அங்குலக் கோஆக்சியல் ஸ்பீக்கர்களைப் பொருத்தியிருக்கிறேன். மஞ்சள் நிறத்தில் நெய்த கூம்பும் நடுவில் உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டருமாகப் பார்க்கவே அழகாக இருக்கின்றன. ஆனால் கதவோடு வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை மாட்டியதும் அவை இருப்பதே தெரிவதில்லை. ஆகவே 3 மி.மீ. கனமுள்ள, ஒளிபுகும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி, ஒலி வெளியேற விளிம்பைச் சுற்றி 5 மி.மீ. அளவில் 24 துளைகள் இட்டு, நான்கு திருகுகளால் கதவில் முடுக்கிவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஒரு நண்பர் ஒலி மங்கிவிடும் என்கிறார்; இன்னொருவர் அக்ரிலிக் உடையும், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் செய் என்கிறார். லேசரில் வெட்டக் கொடுத்தால் போதுமா? உள்ளே சிறிய எல்.இ.டி. விளக்கு வைக்கலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் விளக்கமாக எழுத முடியுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் முதலாமவர் சொன்னதற்கு விடை கண்ட பிறகே இரண்டாமவரின் பேச்சுக்கு வர வேண்டும்.

ஒளியைப் பொறுத்தவரை அக்ரிலிக் கிட்டத்தட்ட இல்லாத பொருள். தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 92 சதவீதத்தை அது விட்டுவிடுகிறது. ஒலிக்கோ அது சுவர். காற்றைவிட ஆயிரம் மடங்கு அடர்த்தியான ஒரு தகட்டைக் காற்றின் அதிர்வு அசைத்து மறுபுறம் செல்வது அரிது. பெரும்பகுதி தகட்டில் மோதிக் கூம்பை நோக்கியே திரும்பிவிடும். எனவே உங்கள் காதுக்கு வரும் ஒலி எல்லாம் நீங்கள் விடும் திறப்புகளின் வழியாகத்தான் வர வேண்டும். 5 மி.மீ. துளைகள் 24 இட்டால் அவற்றின் மொத்தப் பரப்பு 4.7 சதுர செ.மீ. மட்டுமே. ஆறரை அங்குல ஸ்பீக்கரின் அசையும் கூம்புப் பரப்பு சுமார் 130 சதுர செ.மீ. அதாவது கூம்பு தள்ளும் காற்று முழுவதும் தன் பரப்பில் நான்கு சதவீதத்துக்கும் குறைவான வழியில் நுழைந்து வெளியேறியாக வேண்டும். தகட்டுக்கும் கூம்புக்கும் இடையே அடைபட்ட காற்றும் துளைகளுக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து, வாய் குறுகிய குடத்தைப் போல ஒரு குறிப்பிட்ட சுருதியில் முழங்கத் தொடங்கும். அந்தச் சுருதிக்கு மேலுள்ளவை எல்லாம் தேய்ந்துபோகும். பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி பலமாக வரும் இடங்களில் துளைகளில் காற்று சீறும் ஓசையும் கேட்கும்.

உங்கள் ஸ்பீக்கர் கோஆக்சியல் வகை என்பதால் இழப்பு இன்னும் பெரிது. ட்வீட்டர் கூம்பின் நடுவில் நிற்கிறது. உங்கள் தகட்டின் நடுப்பகுதியிலோ துளையே இல்லை. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 செ.மீ.; அதைப் போல ஐந்து மடங்கு அகலமுள்ள தட்டைச் சுற்றி வளைந்து அந்த ஒலி வெளியே வந்து சேராது. பாடகரின் குரலில் ‘ச’, ‘ஷ’ ஒலிகளின் கூர்மையும், ஜால்ராவின் சிலிர்ப்பும், கம்பி வாத்தியத்தில் விரல் உரசும் ஓசையும் அங்கேதான் இருக்கின்றன. இவ்வளவு ஆசையோடு தேர்ந்தெடுத்த ஸ்பீக்கரைப் பார்ப்பதற்காக அதன் குரலில் பாதியைக் கொடுத்துவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

துளையில்லாத வட்டத் தகட்டைக் குட்டையான தாங்கு குழாய்களின் மேல் நிறுத்தி, சுற்றிலும் இடைவெளி விடும் முறையும் உண்டு. 165 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 518 மி.மீ.; 10 மி.மீ. இடைவெளி விட்டால் 52 சதுர செ.மீ. அளவுக்கு வழி கிடைக்கிறது. அது கூம்புப் பரப்பில் 40 சதவீதம். ட்வீட்டரைத் தனியாகப் பக்கக் கண்ணாடிக்கு உட்புறமுள்ள முக்கோணத்திலோ முன்கண்ணாடியின் ஓரத் தூணிலோ பொருத்தியவர்கள், கதவிலுள்ள ஸ்பீக்கர் பேஸையும் நடு ஒலிகளையும் மட்டும் தருமாறு வைத்திருந்தால், இதைச் செய்து பார்க்கலாம். உங்களுக்கு இது ஆகாது.

ஆகவே உள்ளே தெரிய வேண்டும் என்ற விருப்பத்தைத் தகட்டின் தெளிவை நம்பி நிறைவேற்றாமல், திறப்பின் அளவை நம்பி நிறைவேற்றுங்கள். மூடியின் முகப்பில் பாதிக்குமேல் திறந்த வெளியாக இருக்கட்டும். வட்டத் துளைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, தேன்கூட்டு வரிசையில் அடுக்கினால், திறந்த பரப்பைக் கணக்கிடுவது எளிது: துளையின் விட்டத்தை, அடுத்தடுத்த துளைகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு 90.7ஆல் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். 2 மி.மீ. துளைகளை 3 மி.மீ. தொலைவில் இட்டால் 40 சதவீதம்தான், 6 மி.மீ. துளைகளை 8 மி.மீ. தொலைவில் இட்டால் 51 சதவீதம். 150 மி.மீ. வட்டத்தில் இது முந்நூறுக்கும் மேற்பட்ட துளைகள் என்பதால் கை டிரில்லால் செய்யும் வேலை அல்ல. கணினி வழி இயங்கி, சுழலும் அலகால் தகட்டைக் குடையும் ரவுட்டர் இயந்திரத்தில் கொடுக்க வேண்டும். துளைகளுக்கு நடுவே எஞ்சும் 2 மி.மீ. பட்டைகள் ஒலியை மறைக்குமோ என்ற கவலை வேண்டாம். 20,000 ஹெர்ட்ஸில்கூட அலைநீளம் 17 மி.மீ.; அத்தனை மெல்லிய தடையை ஒலி எளிதில் சுற்றிக்கொண்டு போய்விடும். துளையின் விட்டம் தகட்டின் கனத்தைப் போல இரு மடங்காவது இருக்கட்டும். கனமான தகட்டில் சிறிய துளை இட்டால் ஒவ்வொரு துளையும் ஒரு குழாயாகிவிடும்.

ஆனாலும் நான் செய்வதாக இருந்தால், ஒளிபுகும் பிளாஸ்டிக்கை மூடியின் வெளிச்சுற்று வளையத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் கறுப்புக் கம்பிவலையைப் பொருத்துவேன். நெய்த வலையில் 3 மி.மீ. இடைவெளியும் அரை மி.மீ. கம்பியும் இருந்தால் திறந்த பரப்பு 73 சதவீதத்தைத் தாண்டுகிறது; முந்நூறு துளையிட்ட தகடு இதன் அருகில்கூட வராது. வலை பார்வையை மறைக்கும் என்று நினைப்பீர்கள். பளபளக்கும் எஃகு வலை உண்மையிலேயே மறைக்கும், ஏனெனில் கம்பியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணை அங்கேயே நிறுத்திவிடுகிறது. அதே வலைக்குப் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணத்தை மெல்லிய பூச்சாக, இடைவெளிகள் அடைபடாமல் அடித்துவிட்டால், கண் வலையைக் கடந்து பின்னால் இருக்கும் மஞ்சள் கூம்பில் போய் நிற்கும். தகட்டில் விழும் சன்னல் வெளிச்சத்தின் பிரதிபலிப்பும் கைரேகையும் தூசியும் வலையில் இல்லை. செய்து முடித்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உள்ளே அதிகம் காட்டுவது வலைதான்.

இனி பொருள். அக்ரிலிக் உடையும்போது கூர்மையான துண்டுகளாகிறது. கதவின் கீழ்ப்பகுதி காலணி உதைபடும் இடம், பக்கவாட்டு மோதலில் உள்ளே தள்ளப்படக்கூடிய இடமும் அதுதான். எனவே வளையமானாலும் தகடானாலும் பாலிகார்பனேட்டையே வாங்குங்கள். அதன் ஒளி ஊடுருவல் சுமார் 88 சதவீதம், அக்ரிலிக்கைவிடச் சற்றே குறைவு. கீறலும் எளிதில் விழும். ஆனால் அடித்தால் வளையுமே தவிர எளிதில் சிதறாது. லேசர் கடையைப் பற்றிக் கேட்டீர்கள். கரியமிலவாயு லேசர் அக்ரிலிக்கை வெட்டினால் விளிம்பு கண்ணாடிபோல வரும். பாலிகார்பனேட்டை வெட்டினால் விளிம்பு கருகிப் பழுப்பாகிவிடும். அதனால் ரவுட்டரே நல்லது. பி.வி.சி. தகட்டை எக்காரணம் கொண்டும் லேசரில் வெட்டக் கொடுக்காதீர்கள். அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். வளையத்தை முப்பரிமாண அச்சில் எடுக்க நினைத்தால் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும்; வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் வந்துவிடும்.

வெப்பத்தால் இன்னொரு விளைவும் உண்டு. 200 மி.மீ. அகல வளையம் 50 டிகிரி சூடேறினால் சுமார் 0.7 மி.மீ. விரியும். 4 மி.மீ. திருகுக்கு 5 மி.மீ. துளை இட்டு, ரப்பர் வளையம் வைத்து, அசையாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். தலை உள்ளே அமரும் கூம்புத் திருகுகள் துளையைப் பிளந்து விரிசல் உண்டாக்கும். தலையின் அடிப்பக்கம் தட்டையாகத் தகட்டின் மேலேயே அமரும் திருகுகளே ஏற்றவை. திருகு கழலாமலிருக்க இடும் பூட்டுத் திரவம் பாலிகார்பனேட்டைத் தொட்டால் சில நாட்களில் நூல்நூலாய் விரிசல் ஓடும், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் அதைக் கெடுக்கும். மென்மையான சோப்பு நீரும் பஞ்சுத் துணியும் போதும்.

அளவெடுப்பதற்குப் பழைய மூடியைத் தாளில் வைத்து வரைந்து, முதலில் தடித்த அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். அட்டையிலேயே இடைவெளியைச் சோதித்துவிட வேண்டும். இவ்வகை ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் மூன்று முதல் ஆறு மி.மீ. வரை இயல்பாக நகரும், ஒலியைக் கூட்டினால் அதையும் தாண்டும். எனவே கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பின் உச்சியிலிருந்து மூடிக்கு 10 மி.மீ. விடுங்கள். ட்வீட்டர் அசைவதில்லை என்றாலும் அது முன்னே துருத்தி நிற்பதால், வலை அதில் உரசாமல் ஓரிரு மி.மீ. இருக்க வேண்டும். அட்டையோடு கதவை மூடி, இருக்கையிலோ டேஷ்போர்டின் ஓரத்திலோ இடிக்கிறதா, ஓட்டுபவரின் கால் படுகிறதா என்று பாருங்கள். வளையத்துக்கும் கதவுக்கும் நடுவே மெல்லிய பஞ்சு நாடா ஒட்டாவிட்டால், பேஸ் ஒலிக்கும்போதெல்லாம் கடகடக்கும்.

பாதுகாப்பில் இரண்டு காரியங்களில் சமரசம் வேண்டாம். முதலாவது விளிம்பு. கார்களின் உட்புறப் பொருட்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 21, தலை மோதக்கூடிய பகுதியின் விளிம்புகளுக்கு 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையாத வளைவைக் கேட்கிறது. ஸ்பீக்கர் இருப்பது முழங்காலுக்குக் கீழே என்றாலும் அதே அளவைப் பின்பற்றுங்கள், 6 மி.மீ. கனமுள்ள வளையத்தை எடுத்தால்தான் அந்த வளைவுக்கு இடம் கிடைக்கும். அரத்தால் உருட்டி, உப்புத்தாளை 240ஆம் எண்ணில் தொடங்கி 1200ஆம் எண் வரை நீர் தொட்டுத் தேய்த்து மெருகேற்றுங்கள். இரண்டாவது, கதவின் உள்வயிறு. திருகு எவ்வளவு ஆழம் போகும் என்பதை, சன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கிய நிலையில் உள்ளே பார்த்து உறுதி செய்யுங்கள். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த உணரி கதவின் உள்ளிடத்தில் இருக்கிறது. கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென உயர்வதை வைத்தே அது காற்றுப்பையை விரிக்கச் சொல்கிறது. ஆகவே கதவின் உலோகத்தில் புதிதாக ஓட்டை போடாமல், பழைய மூடியின் கொக்கி இடங்களையோ ஸ்பீக்கர் வளையத்தின் திருகுகளையோ பயன்படுத்துங்கள்.

உங்கள் மஞ்சள் கூம்பு அரமிட் என்னும் செயற்கை இழையால் நெய்ததாக இருந்தால், புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நாளடைவில் நிறம் பழுப்பாகும், இழையும் வலுவிழக்கும். பழைய கறுப்பு மூடி அந்த நிழலையும் தந்துவந்தது. பாலிகார்பனேட் புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வலையும் துளைகளும் தடுக்கா. எதிர்ப்பக்கச் சன்னல் வழியாகச் சாய்வெயில் நேரே விழும்படி காரை நாள்முழுதும் நிறுத்துபவர் என்றால், அந்தச் சன்னலுக்குத் திரை போடுவது நல்லது.

விளக்கு வைக்கலாம். வளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து ஒளியைச் செலுத்தினால் அது பிளாஸ்டிக்குக்குள்ளேயே எதிரொளித்துச் சென்று, உள்விளிம்பில் மட்டும் ஒளிரும். கூம்பின் மேல் பரவும் அந்த வெளிச்சம் வலையின் வழியே நன்றாகத் தெரியும். ஆனால் இரவில் ஓடும்போது அது எரிந்தால், பக்கக் கண்ணாடியைப் பார்க்க நீங்கள் திரும்பும் அதே சன்னலில் பிரதிபலித்துப் பின்னால் வரும் வண்டியை மறைக்கும். ஆகவே கதவைத் திறந்தால் மட்டும் எரியும் கால்விளக்கின் இணைப்பிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து மின்சாரம் எடுங்கள். கம்பி கதவுக்குள் நுழையும் இடத்தில், ஏற்கெனவே உள்ள ரப்பர் குழாய்க்குள்ளாகவே அதைக் கொண்டுபோங்கள்.