துக்க வீட்டு வாசலில் வசைப் பதாகை

கேள்வி: படைவீரர் ஒருவரின் இறுதிச் சடங்கன்று வசைப் பதாகை ஏந்தியவர்களை அமெரிக்க நீதிமன்றம் தண்டிக்காமல் விட்டது. இதுவா பேச்சுரிமை?

பதில்: அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கும் வயிறு எரிந்தது. ஈராக்கில் உயிரிழந்த மகனை 2006-இல் மேரிலாந்தில் அடக்கம் செய்யப் போகிறார் தந்தை. அமெரிக்கா ஓரினச்சேர்க்கையைப் பொறுத்துக்கொள்வதற்குக் கடவுள் தரும் தண்டனையே வீரர்களின் சாவு என்று சொல்லும் வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் என்ற சிறு கிறிஸ்தவ சபையினர் ஏழு பேர், ‘இறந்த வீரர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி’ என்ற பதாகையோடு நிற்கிறார்கள். தந்தை சபைமீது வழக்குத் தொடுத்தார். ஜூரி அவருக்கு வழங்கிய இழப்பீடு மேல்முறையீட்டில் ரத்தானது. எதிர்த்தரப்பின் செலவாக 16,000 டாலருக்கு மேல் தரும்படி அந்தத் தந்தைக்கே உத்தரவு வந்தது. இதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

2011-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சபையின் பக்கம் நின்றது. பொது விவகாரம், பொது இடம், தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தூரம் என்பவை முக்கியக் காரணங்கள். நீதிபதி அலிட்டோ மட்டும் மாறுபட்டார். என் மனம் அவர் பக்கம். அறிவோ, வெறுக்கத்தக்க சொல்லையும் அரசு தண்டிக்கத் தொடங்கினால் நாளை யார் வாயை அடைக்கும் என்று அஞ்சுகிறது.

ஆனால் இடத்தையும் நேரத்தையும் சட்டம் கட்டுப்படுத்தலாம். 2012-இல் வந்த சட்டம், ராணுவ இறுதிச் சடங்குக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் 300 அடிக்குள் இடையூறு செய்வதைத் தடுக்கிறது. நான் கேட்பது அந்த இரண்டு மணி நேர அமைதியைத்தான்.