கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக் குலதெய்வத்தைக் கும்பிடலாமா?

கேள்வி: "கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த வீட்டுக் குலதெய்வத்தைக் கும்பிட்டால் புகுந்த வீட்டுச் சாமி கோபித்துக்கொள்ளும் என்கிறார்கள். உண்மையா? அங்கே நடக்கும் கொடைத் திருவிழாவுக்குப் போகலாமா?"

தாராளமாகப் போகலாம். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

உங்கள் கேள்வியைப் படித்தால் யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. மாமியார் ஏதாவது சொல்லியிருப்பார். இல்லையென்றால் வீட்டில் ஏதோ காரியம் தள்ளிப்போயிருக்கும், ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு "குலதெய்வக் குறை" என்று ஒரு வார்த்தை போட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தை எத்தனை பெண்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே வந்து "சம்பிரதாயம் தெரியாமல் பேசுகிறாள்" என்பார்கள். கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் வழிச் சாமிதான் குலதெய்வம், பிள்ளைகளுக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் அங்கேதான் என்ற வழக்கம் எனக்கும் தெரியும். அதை நான் மீறியதில்லை. எங்கள் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பங்குனி உத்திரம் என்றால் எந்த ஊரில் பிழைப்பவர்களும் தங்கள் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். என் கணவர் வீட்டுக்கும் சாஸ்தாதான். மூன்று கல் கூட்டி, பனையோலையை எரித்து, புகையில் கண் எரிய எரிய அங்கே பொங்கல் வைத்திருக்கிறேன். அந்தச் சாமி மேல் எனக்கு உயிர். என் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டதும் அங்கேதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அப்பா வழிச் சாமி முன்னால் மொட்டை போடும்போதும் பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில்தானே? பிறந்த வீட்டோடு எல்லாம் அறுந்துபோனது என்றால் தாய்மாமனுக்கு அங்கே என்ன வேலை?

இனி என் கதைக்கு வருகிறேன். என் அப்பா வீட்டுச் சாமி சுடலைமாடன். கூடவே பேச்சியம்மனும் இசக்கியும். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு சின்ன ஊர், வாய்க்கால் ஓரத்தில் கோயில். ஆடியில் கொடை நடக்கும். கொடைக்குப் பங்காளிகளிடம் வரி பிரிப்பார்கள். கல்யாணமான ஆண் ஒருவர் என்றால் ஒரு தலைக்கட்டு, அவருக்கு ஒரு வரி. வரி கொடுத்த வீட்டுக்குத்தான் சாமிக்குப் படைக்கிற படப்புச் சோற்றிலும் கிடாக்கறியிலும் பங்கு. வரி நோட்டு என்று ஒன்று உண்டு. நீள நோட்டு, அட்டையில் மஞ்சளும் குங்குமமும் தடவியிருக்கும், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அப்புறம் வீடு வீடாகப் பெயர். எங்கள் வீட்டு வரிசையில் தாத்தா பெயர் இருந்தது, பிறகு அப்பா பெயர். அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள், மகன் கிடையாது.

அப்பா இறந்த மறுவருடம் கொடைக்குப் போனேன். நோட்டில் அப்பா பெயரைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே எதுவும் இல்லை. அடுத்த வீட்டுப் பெயர் ஆரம்பித்துவிட்டது. வரியை நான் கட்டுகிறேன், என் பெயரை எழுதுங்கள் என்று கேட்டேன். நோட்டை வைத்திருந்த பெரியப்பா நல்ல மனிதர், என்னைத் தோளில் தூக்கிக் கொடை காட்டியவர். அவர் சொன்னார்: "யம்மா, நீ வேற வீட்டுக்குப் போன புள்ள. வரி ஆம்பளத் தலைக்கட்டுக்குத்தான். நீ பிரியப்பட்டுக் குடு, நன்கொடைன்னு எழுதிக்கிடுதேன்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பணம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பணம் வேண்டும், பெயர்தான் வேண்டாம். நன்கொடை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஊருக்கு உரம் விற்க வருகிறவர்கூடக் கொடுக்கலாம். வரி என்பது அந்த வீட்டுப் பிள்ளை என்பதற்கு அடையாளம்.

இதில் எனக்கு ஆறாத இடம் எது தெரியுமா? அப்பாவின் வயலை எனக்கும் அக்காவுக்கும் பிரித்தபோது இதே பங்காளிகள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அதில் இடமில்லாமல் இருந்தது. 2005-ல் நாடு முழுவதும் வந்த திருத்தத்தில் அந்தக் குறையும் தீர்ந்தது. மண்ணில் எனக்குப் பங்கு உண்டு, அந்த மண்ணைக் காக்கிற சாமியிடம் பங்கு இல்லை என்றால் அது என்ன கணக்கு? சட்டத்தையும் சாமியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே என்று சிலர் சொல்லக்கூடும். நான் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேளுங்கள். எங்கள் கோயிலில் இருக்கிற பேச்சியம்மன் அந்த ஊர்ச் சாமியே இல்லை. என் அப்பாவின் பாட்டி கல்யாணமாகி வரும்போது தன் பிறந்த ஊரிலிருந்து பிடிமண் எடுத்து, ஓலைப்பெட்டியில் மஞ்சள் துணி சுற்றிக் கொண்டுவந்தாராம். அந்தப் பிடிமண்ணில்தான் பேச்சிக்குப் பீடம் போட்டார்கள். பெரியப்பாவே சொன்ன கதை இது. ஆக, பிறந்த வீட்டுச் சாமியை விட முடியாத ஒரு பெண்ணால் வந்த தெய்வத்துக்குத்தான் இன்றைக்கு ஆண் தலைக்கட்டு மட்டும் வரி கொடுக்கிறது. தென்மாவட்டங்களில் பழைய கோயில்களில் விசாரித்துப் பாருங்கள், பெண்ணோடு வந்த சாமி என்று இப்படி நிறையக் கதை கேட்பீர்கள்.

சுடலை கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வேண்டும் என்று கேட்டவள் பார்வதி. கயிலாயத்தில் விளக்கிலிருந்து தெறித்த சுடரை முந்தானையில் ஏந்தியவளும் அவள்தான். சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றுவிட்டான் என்று பூமிக்கு அனுப்பியவர் அப்பாவான சிவன். ஒவ்வொரு கொடையிலும் வில்லுப்பாட்டில் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அப்படிப் பிறந்த சாமி, பெண் பிள்ளை வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமா?

வில்லுப்பாட்டு என்றதும் இன்னொரு வருத்தம். கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பெல்லாம் பிறப்புக் கதை, வரத்துக் கதை என்று ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். எங்கள் பக்கம் வில்லடித்துப் பாடுகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர் உண்டு. 2018-ல் காலமான பூங்கனி அம்மாள் அப்படி வாழ்ந்தவர்தான். கடைசியாக நான் போன கொடையில், நடுராத்திரிப் பூஜையான சாமக்கொடைக்கு முன்னால் கதை சூடு பிடிக்கிற நேரத்தில், சீக்கிரம் முடியுங்கள், லைட் மியூசிக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று வில்லுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னார்கள். வில்லை அடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மா தண்ணீர் குடித்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சீரியல் லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கொட்டுகிற காசில் கால்வாசி வில்லுக்குக் கொடுத்தால் அந்தக் குடும்பம் கௌரவமாக வாழும். சரி, விடுங்கள்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் நன்கொடைக்கு ரசீது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆண் தலைக்கட்டுக்கு என்ன வரியோ அதே தொகையை, கூடாமல் குறையாமல், வருடா வருடம் அனுப்புகிறேன். கூகுள் பே குறிப்பில் அப்பா பெயரைப் போட்டு, மகள் என்று எழுதி, பக்கத்தில் "கொடை வரி" என்று போடுகிறேன். பெரியப்பா மகன்தான் இப்போது கணக்குப் பார்க்கிறான். போன கொடைக்கு எனக்குப் படப்புப் பங்கு எடுத்து வைத்திருந்தான். சோறு, முருங்கைக்காய், முட்டை எல்லாம் வாழையிலையில் கட்டி, "அக்கா, இது உங்க வீட்டுப் பங்கு" என்று கையில் கொடுத்தான். நோட்டில் பெயர் இன்னும் ஏறவில்லை. அடுத்த வரிக் கூட்டத்தில் அவனே பேசுகிறேன் என்றிருக்கிறான். பேசாவிட்டால் நான் பேசுவேன்.

உங்கள் விஷயத்தில், கணவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவர் வீட்டுச் சாமிக்குச் செய்ய வேண்டியதில் குறை வைக்காதீர்கள், அப்போதுதான் யாருக்கும் பேச வாய் இருக்காது. பரிகாரம் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம், அவர் பிறந்த வீட்டுச் சாமி எது என்று மட்டும் ஒருநாள் கேளுங்கள். என் மாமியாரிடம் நான் கேட்டபோது, சமையல் ஆறிப்போகிற வரைக்கும் அவருடைய ஊர் இசக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த கொடைக்கு அங்கே அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.