பாஸ்தாவுக்குப் பதில் சுரைக்காய் நூடுல்ஸ்

கேள்வி: எனக்கு 56 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் இரண்டு வேளையும், கிளிமிபிரைடு காலையும் இரவும் போடுகிறேன். போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 8.1. சனிக்கிழமை ராத்திரி மகளும் பேரனும் பாஸ்தா செய்வார்கள், எனக்கு மட்டும் கோதுமை தோசை. மாவுச்சத்து இல்லாத நூடுல்ஸ் என்று மகள் ஒரு பாக்கெட் வரவழைத்தாள். பிரித்ததும் மீன் கழுவின தண்ணீர் வாடை, கொட்டிவிட்டோம். வீட்டிலேயே செய்ய வழி உண்டா? சேமியாவில் செய்யலாமா?
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: சேமியா வேண்டாம். அதுவும் கோதுமைதான், சமைக்காத பாஸ்தாவானாலும் சேமியாவானாலும் 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. கேழ்வரகு சேமியாவும் கிட்டத்தட்ட அப்படியே. 'சிறுதானிய நூடுல்ஸ்' வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் பெயரே மைதா என்றால் திருப்பி வைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று கோதுமை தோசையில் இருக்கும் மாவுச்சத்தும் ஒரு தட்டுப் பாஸ்தாவில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். இத்தனை நாள் நீங்கள் தனியாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டதில் சர்க்கரைக்குப் பெரிய லாபம் இல்லை. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

உங்கள் மகள் வாங்கியது கொஞ்ஞாக் கிழங்கில் செய்ததாக இருக்கும். நம் சேனைக்கிழங்குக்கு நெருங்கிய சொந்தம் அது. பெரும்பகுதி தண்ணீர், மீதி நார்ச்சத்து. அந்த வாடை கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, அதன் இயல்பே அதுதான். தண்ணீரை வடித்து, குழாயடியில் நன்றாக அலசி, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, எண்ணெய் இல்லாத வாணலியில் ஈரம் போகப் புரட்டினால் வாடை போய்விடும். ஆனால் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இது ஆகாது. மாத்திரை உடம்பில் சேர்வதையும் தாமதப்படுத்தலாம் என்பதால், மாத்திரைக்கும் இதற்கும் இடைவெளி வேண்டும். விலையும் அதிகம். உங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சுரைக்காயைத்தான் சொல்வேன். 100 கிராமில் மாவுச்சத்து மூன்று, நான்கு கிராம்தான். பெரிய மார்க்கெட்டில் நகம் பட்டாலே பதியும் பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். தோலைச் சீவியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் தூக்கிப் போடுங்கள், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கசப்புச் சுரைக்காய் கடும் வாந்தியில் தொடங்கி, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு வரை கொண்டுபோகும். வெள்ளரி போலிருக்கும் சுக்கினிக்கும் இதே சோதனைதான்.

தோல் சீவும் கருவியாலேயே நீளவாக்கில் இழுத்துக்கொண்டே வாருங்கள். விதைப் பகுதி வந்ததும் நிறுத்திவிட்டுக் காயைத் திருப்புங்கள். நாடா நாடாக வரும். அடுக்கி வைத்து மெல்லிசாக நறுக்கி, துளி உப்பு பிசறி, வடிதட்டில் கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். இந்தப் பிழிதலில்தான் எல்லாம் இருக்கிறது. விட்டால் பாஸ்தா கூட்டாகிவிடும். தண்ணீரில் வேகவைக்காதீர்கள். அகலமான வாணலியில் எண்ணெயும் பூண்டும் போட்டு, அடுப்பைப் பெரிதாக வைத்து, மூடாமல் இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். தக்காளி, மிளகுத்தூளோடு இறால், முட்டை, பனீர் இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வெறும் காய் சாப்பிட்டால் பத்து மணிக்கே பசிக்கும். மைதா கரைத்த வெள்ளை சாஸ் வேண்டாம். பாட்டில் தக்காளி சாஸிலும் சர்க்கரை உண்டு.

இப்போது மாத்திரை விஷயம். இதை மகளிடமும் காட்டுங்கள். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், தட்டில் மாவுச்சத்து குறைந்திருக்கிறதே என்று அது பார்க்காது. இரவு மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் சுரைக்காய் சாப்பிட்டுப் படுத்தால், நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடப்பு வரலாம். சர்க்கரை 70-க்குக் கீழே போயிருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் இந்தச் சனிக்கிழமைச் சாப்பாட்டைச் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றித் தருவார்.

அதுவரை பாஸ்தாவை முழுக்க ஒதுக்காதீர்கள். பேரனுக்கு வேகவைக்கும்போது உங்கள் பங்குக்கு 30 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, கூடப் போடச் சொல்லுங்கள். அதில் மாவுச்சத்து 22 கிராம் அளவுக்கு வரும். அதோடு இரண்டு மடங்கு சுரைக்காய் நாடாவைக் கலந்து, அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 180-க்குள் இருந்தால் இந்த அளவு உங்களுக்குச் சரி. தாண்டினால் அடுத்த வாரம் பாஸ்தாவைக் கொஞ்சம் குறைத்து மறுபடி பாருங்கள். நான்கு சனிக்கிழமை எண்களையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.