இந்தியக் கடற்படையை நடத்துவது யார்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கடற்படையின் நிர்வாகப் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போர்க்கப்பல்களையும் ஏவுகணைகளையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கப்பல் கடலுக்குப் போவதற்குப் பின்னால் எத்தனை அலுவலகங்கள் இயங்குகின்றன என்று கேட்பவர்கள் குறைவு, அதனால் இந்தக் கேள்விகளைப் பார்த்ததும் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கடற்படையில் எந்தப் பதவியைப் பார்த்தாலும், இவர் கப்பலைப் "புறப்படு" என்று சொல்பவரா, இல்லை கப்பல் புறப்படும் நிலையில் இருக்கப் பொறுப்பானவரா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: சார், கடற்படைத் தளபதி நினைத்தால் ஒரு கப்பலைப் போருக்கு அனுப்ப முடியுமா?

அவராகவே முடிவெடுத்து அனுப்ப முடியாது. போர் என்பது அரசின் முடிவு. முப்படைகளின் உச்சத் தளபதி ஜனாதிபதி, ஆனால் அந்த அதிகாரம் பிரதமர் தலைமையிலான அமைச்சரவை வழியாகத்தான் செயல்படும். அங்கே எடுத்த முடிவு பாதுகாப்பு அமைச்சர் வழியாகக் கடற்படைத் தளபதிக்கு வரும். அவரிடமிருந்து மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ இருக்கும் கட்டளையின் (ஒரு பகுதிக்குப் பொறுப்பான கடற்படையின் பெரிய பிரிவு) தலைவருக்கு, அவர் வைஸ் அட்மிரல். அவருக்குக் கீழே கப்பல் அணியை நடத்தும் ரியர் அட்மிரல், அப்புறம்தான் கப்பலின் கமாண்டிங் ஆபீசர். தளபதி தில்லியிலிருந்து நேராக ஒரு கப்பலை அழைத்து "இடது பக்கம் திரும்பு" என்று சொல்வதில்லை. கடலில் நிலைமை நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதனால் மேலே இருப்பவர் நோக்கத்தைச் சொல்லிவிட்டு வழியைக் கீழே இருப்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: முப்படைத் தலைமைத் தளபதி என்று ஒருவர் வந்த பிறகு, கடற்படைத் தளபதிக்கு அவர்தானே மேலதிகாரி?

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் இல்லை. 2020 ஜனவரி 1 அன்று ஜெனரல் பிபின் ராவத் அந்தப் பதவியில் முதலாவதாக அமர்ந்தார். அந்தப் பதவியை உருவாக்கும்போதே, முப்படைத் தளபதிகள் உட்பட யார் மீதும் அவருக்கு நேரடிப் படைக் கட்டளை கிடையாது என்று அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் பாதுகாப்பு அமைச்சருக்கு முப்படை சார்ந்த விஷயங்களில் முதன்மை ஆலோசகர், தளபதிகள் குழுவின் நிரந்தரத் தலைவர், கூடவே அமைச்சகத்துக்குள் ராணுவ விவகாரத் துறையின் செயலாளர். இந்த மூன்றாவது பொறுப்புதான் நிர்வாகத்தில் பெரிய மாற்றம். அதற்கு முன்பு பாதுகாப்புச் செயலாளரான ஐ.ஏ.எஸ். அதிகாரி வழியாகப் போன பல கோப்புகள் இப்போது சீருடை அணிந்தவரின் துறை வழியாகப் போகின்றன. ஆனால் கப்பல், விமானம் போன்ற பெரிய மூலதனக் கொள்முதல் பாதுகாப்புச் செயலாளரின் துறையிலேயே இருக்கிறது. பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அதிகாரம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது புரிந்துவிடும்.

கேள்வி: தில்லித் தலைமையகத்தில் இத்தனை அட்மிரல்கள் உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?

தம்பி, கேள்வியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது, பரவாயில்லை. தளபதிக்குக் கீழே முக்கியமாக நான்கு பேர், நால்வருமே வைஸ் அட்மிரல்கள். துணைத் தளபதி படையின் எதிர்காலத் திட்டங்களையும் பட்ஜெட்டையும் பார்ப்பார். அவருக்கு அடுத்த உதவித் தளபதியிடம் செயல்பாடுகள் இருக்கும். பணியாளர் பிரிவின் தலைவர் ஆள்சேர்ப்பு, பயிற்சி, பதவி உயர்வு என்று மனிதர்கள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கவனிப்பார். தளவாடப் பிரிவின் தலைவர் எஞ்சின், உதிரிபாகம், பழுதுபார்ப்பு இவற்றுக்குப் பொறுப்பு.

இவர்களில் யாரும் கப்பலை ஓட்டுவதில்லை. ஆனால் ஒரு போர்க்கப்பல் வேண்டும் என்ற எண்ணம் காகிதத்தில் வந்து, அது கட்டி முடிந்து கடலில் இறங்கப் பத்து ஆண்டு ஆவது சாதாரணம், அதற்கு மேலும் ஆகும். இன்று அந்த மேசையில் இருப்பவர் எடுக்கும் முடிவை அனுபவிக்கப் போவது இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளை. அந்த வேலையை நான் ஒருபோதும் குறைவாக மதிப்பிட மாட்டேன். நெடுங்காலம் சவுத் பிளாக்கிலும் நகரத்தின் பல கட்டடங்களிலும் சிதறிக் கிடந்த இந்தத் தலைமையகத்துக்கு தில்லி கண்டோன்மென்ட்டில் நௌசேனா பவன் என்ற சொந்தக் கட்டடம் 2024 மார்ச்சில்தான் கிடைத்தது.

கேள்வி: மேற்கு, கிழக்கு, தெற்கு என்று மூன்று கட்டளைகள். தெற்கில் பெரிய போர் அணி இல்லை என்கிறார்களே, ஏன்?

நல்ல கேள்வி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மும்பையில் மேற்குக் கட்டளை, விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கட்டளை. இரண்டுக்கும் தனித்தனியே போர்க்கப்பல் அணி உண்டு. கொச்சியில் உள்ள தெற்குக் கட்டளையின் முதல் வேலை பயிற்சி. எழிமலையில் உள்ள கடற்படை அகாதமி, கொச்சியில் பீரங்கிப் பயிற்சிக்கான ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா, லோனாவ்லாவில் பொறியியலுக்கு ஐ.என்.எஸ். சிவாஜி, ஜாம்நகரில் மின்னியலுக்கு ஐ.என்.எஸ். வல்சுரா, ஒடிசாவில் புதிய மாலுமிகள் முதலில் போய் இறங்கும் ஐ.என்.எஸ். சில்கா, இவை எல்லாமே பயிற்சி விஷயத்தில் கொச்சியைத்தான் பார்க்கும். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் ஜாம்நகர் மேற்கில் இருக்கிறது, சில்கா கிழக்கில் இருக்கிறது. ஆனாலும் நாடு முழுவதும் ஒரே தரத்தில் ஆட்கள் தயாராக வேண்டும் என்பதால் பயிற்சியை ஒரே கையில் கொடுத்திருக்கிறார்கள். போர் அணி இல்லை என்பதற்காகத் தெற்கைச் சிறியது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மற்ற இரண்டு கட்டளைகளில் இருக்கும் ஒவ்வொருவரும் அங்கே பயிற்சி பெற்று வந்தவர்தான்.

நான்காவதாக அந்தமான் நிக்கோபார் கட்டளை, 2001இல் தொடங்கியது. அது கடற்படைக்கு மட்டும் உரியதல்ல, முப்படைக்கும் பொது.

கேள்வி: ஒரு கப்பல் பழுதுபார்க்க டாக்யார்டில் நிற்கிறது. அப்போது அதற்கு யார் பொறுப்பு? அணித் தலைவரா, டாக்யார்டா?

இதைக் கேட்டவர் நிச்சயம் கப்பல் பக்கம் பழக்கம் உள்ளவர்! கடலில் இருக்கும்போது கப்பல் அணித் தலைவரின் செயல்பாட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கும். பெரிய ரீஃபிட்டுக்கு, அதாவது முழுமையான பழுதுபார்ப்புக்கு, உள்ளே போனதும் அது செயல்பாட்டுப் பட்டியலிலிருந்து விலகிவிடும். வேலையை டாக்யார்டு செய்யும். மும்பை, விசாகப்பட்டினம் இரண்டிலும் டாக்யார்டை நடத்துபவர் ஒரு ரியர் அட்மிரல், வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சிவிலியன் ஊழியர்கள். ஆனால் கப்பலுக்கும் அதில் உள்ள ஆட்களுக்கும் பொறுப்பு கமாண்டிங் ஆபீசரிடமே தங்கும், ஒரு நாள்கூட அது அவரை விட்டுப் போகாது.

இழுபறி இங்கேதான் வரும். அணித் தலைவருக்குக் கப்பல் சீக்கிரம் வெளியே வர வேண்டும், டாக்யார்டுக்கு வேலை முழுசாக முடிய வேண்டும், தளவாடப் பிரிவில் உதிரிபாகம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. மூன்று பேரும் தங்கள் பக்கத்தில் சரிதான். இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் அணிக்கும் டாக்யார்டுக்கும் மேலே கட்டளைத் தலைவர் என்று ஒருவர் வேண்டியிருக்கிறது. இன்னொன்று: கப்பலைப் புதிதாகக் கட்டும் தளங்கள் கடற்படையின் கீழ் இல்லை. மும்பை மசகான் டாக் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் வரும் பொதுத்துறை நிறுவனம், ஐ.என்.எஸ். விக்ராந்தைக் கட்டிய கொச்சி தளம் துறைமுக, கப்பல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கடற்படை அங்கே வாடிக்கையாளர்.

கேள்வி: அரக்கோணத்தில் கடலே இல்லை. அங்கே எப்படி ஐ.என்.எஸ். ராஜாளி?

கரையில் உள்ள தளங்களுக்கும் கப்பல் போலவே பெயர் வைத்து, அதற்கும் ஒரு கமாண்டிங் ஆபீசரை நியமிப்பது பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் வழக்கம். கடற்படையில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு 'கப்பலின்' பதிவேட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒழுங்கு, சம்பளம், விடுப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். ராஜாளி 1992இல் தொடங்கிய கடற்படை விமானத் தளம், பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் அங்கே இருக்கின்றன. நம் பக்கம் இப்படி இன்னும் உண்டு. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து, திருநெல்வேலி விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிகளோடு தொடர்பு கொள்ளும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், கோவையில் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு ஐ.என்.எஸ். அக்ரணி.

கேள்வி: ராணுவ கேப்டனும் கடற்படை கேப்டனும் ஒன்றா அண்ணா?

இல்லை. கடற்படை கேப்டன் ராணுவத்தின் கர்னலுக்குச் சமம். ராணுவ கேப்டனுக்குச் சமம் கடற்படை லெப்டினன்ட். திருமணப் பத்திரிகையில் பதவி போடுகிறவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: அரசு ஒரு கடற்படைத் தளபதியையே பதவியிலிருந்து நீக்கியிருக்கிறதா?

ஆம். 1998 டிசம்பர் 30 அன்று அட்மிரல் விஷ்ணு பகவத் நீக்கப்பட்டார். உதவித் தளபதியாக வைஸ் அட்மிரல் ஹரிந்தர் சிங்கை நியமித்து அமைச்சரவையின் நியமனக் குழு ஆணையிட்டது, அதைச் செயல்படுத்த அவர் மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று இன்றும் இரண்டு தரப்பாகப் பேசுகிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் தளபதி உட்பட எந்த அதிகாரியும் ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருக்க முடியும் என்ற சட்டம் ஏட்டில் மட்டும் இருப்பதல்ல என்று அன்று நாடே பார்த்தது. அவருக்குப் பின் வந்தவர் அட்மிரல் சுஷில் குமார், நாகர்கோவிலில் பிறந்தவர்.

இதற்கு நேர்மாறானது 2014. முந்தைய ஆண்டு சிந்துரக்ஷக் நீர்மூழ்கி மும்பை டாக்யார்டில் வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரியில் சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அந்த நாளே அட்மிரல் டி.கே. ஜோஷி தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். எந்த வால்வையும் அவர் திறக்கவில்லை, மூடவில்லை. ஆனாலும் கப்பல்கள் பத்திரமாகப் போய்வரும் நிலையில் இருப்பதற்குக் கடைசிப் பொறுப்பு தளபதியுடையது என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

கேள்வி: சீனியர்தான் தளபதி ஆவாரா?

வழக்கம் அது, சட்டம் அல்ல. 2019இல் வைஸ் அட்மிரல் பிமல் வர்மாவை விட ஜூனியரான கரம்பீர் சிங் தேர்வானார். வர்மா ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். பதவிக்காலம் மூன்று ஆண்டு அல்லது 62 வயது, எது முதலில் வருகிறதோ அது.

கேள்வி: கடலோரக் காவல்படை கடற்படையின் ஒரு பிரிவுதானே?

இல்லை, 1978இல் தனிச் சட்டத்தின் கீழ் அமைந்த தனிப்படை. தனி டைரக்டர் ஜெனரல், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆனால் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2009இல், கடலோரம் உட்பட ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்புக்கும் பொறுப்பு கடற்படையுடையது என்று அரசு முடிவு செய்தது. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, போர்ட் பிளேர் நான்கிலும் கூட்டுச் செயல்பாட்டு மையங்கள் வந்தன. அதற்கு முன்பு தகவல் ஒரு துறையில் இருக்கும், படகு இன்னொரு துறையில் இருக்கும், நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: அரிஹந்த் போன்ற அணு ஆயுத நீர்மூழ்கி யார் கட்டளையில்?

ஓட்டுபவர்கள் கடற்படையினர். ஏவுகணையை ஏவும் முடிவு பிரதமர் தலைமையிலான அணு ஆயுதக் கட்டளை ஆணையத்துடையது, அதை நிறைவேற்றும் அமைப்பு 2003இல் உருவான வியூகப் படைக் கட்டளை.

கேள்வி: என் மகன் மாலுமி. அவனுக்கு ஒரு குறை இருந்தால் இத்தனை அட்மிரல்களில் யாரிடம் போவான்?

அம்மா, அட்மிரல் வரை போக வேண்டியதில்லை. ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு டிவிஷனல் ஆபீசர் உண்டு. பெரும்பாலும் இளம் அதிகாரிதான், ஆனால் உங்கள் மகனின் விடுப்பு, குடும்பப் பிரச்சினை, படிப்பு, பதவி உயர்வு எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது அவருடைய கடமை. அவரால் முடியாததைத் துறைத் தலைவர், எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் (கப்பலில் கமாண்டிங் ஆபீசருக்கு அடுத்தவர்), கமாண்டிங் ஆபீசர் என்று முறையாகக் கோரிக்கையாக மேலே கொண்டுபோகலாம். தயங்காமல் முதலில் டிவிஷனல் ஆபீசரிடம் பேசச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, இந்த ஒரு படி சரியாக நடக்கும் கப்பலில் மற்ற எல்லாமும் ஒழுங்காக நடக்கும்.

கேள்வி: தியேட்டர் கமாண்ட் வந்தால் கடற்படைத் தளபதிக்கு என்ன வேலை மிச்சம்?

நிறைய. முப்படைக்கும் பொதுவான கட்டளைகள் வந்தால், போரில் கப்பலைப் "புறப்படு" என்று சொல்வது அந்தக் கட்டளைத் தலைவரிடம் போகும். ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, கப்பலைக் கட்டிப் பராமரித்து, அதைத் தயாராக ஒப்படைப்பது தளபதியிடம் இருக்கும். ஒரு படையைச் சேர்ந்த தலைவர் இன்னொரு படையினர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்ற பழைய சிக்கலைத் தீர்க்கக் கூட்டுப்படை அமைப்புகளுக்கான சட்டம் 2023இல் நிறைவேறி 2024 மே மாதம் அமலுக்கு வந்துவிட்டது. என் கவலை வேறு. கப்பலைப் பயன்படுத்துபவரும் அதைப் பராமரிப்பவரும் இப்போது ஒரே வெள்ளைச் சீருடையில் இருக்கிறார்கள், சண்டை வந்தாலும் கட்டளைத் தலைவரின் அறையில் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். நாளை அவர்கள் வேறு வேறு தலைமையின் கீழ் இருக்கும்போது, ரீஃபிட் தள்ளிப்போனால் அதை யார் யாரிடம் கேட்பது என்பதை இப்போதே எழுதி வைத்தாக வேண்டும்.