முப்பதாம் பக்கத்தில் நின்றுபோன நாவல்

கேள்வி: "மகன் தரம் 10, மகள் தரம் 8. பாடப் புத்தகம் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். பாடசாலை விட்டு வந்தால் போன்தான். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் டீச்சர் சொன்னார் என்று, கொழும்பில் வேலை செய்யும் தம்பியிடம் சொல்லி 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தேன். மகன் முப்பது பக்கம் வாசித்துவிட்டு வைத்தவன்தான், மூன்று மாதமாக டிவி மேசைக்கு அடியில் கிடக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகள் விரும்பி வாசிக்கக்கூடிய நாவல்களைச் சொல்லுங்கள். நிறையப் புத்தகம் வாங்க வசதியில்லை." – தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய்.

பதில்: புத்தகத்திலும் குறையில்லை, பிள்ளையிலும் குறையில்லை. கொடுத்த வரிசைதான் பிழை. 'பொன்னியின் செல்வன்' கல்கி 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் எழுதிய தொடர். அன்றைய வாசகர் கிழமைக்கு ஒன்றிரண்டு அத்தியாயமாக மூன்றரை வருடம் வாசித்ததை, நாம் 293 அத்தியாயமும் ஒரே மூட்டையாகக் கட்டி, கதைப் புத்தகமே தொட்டுப் பழகாத பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம்.

முப்பது பக்கம் என்றால் மகன் மூன்றாம் அல்லது நான்காம் அத்தியாயத்தில் நின்றிருப்பான். அதுவரை நடப்பது இவ்வளவுதான்: கதாநாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போகிறான், ஆடிப்பெருக்குக் கூட்டத்தைப் பார்க்கிறான், ஆழ்வார்க்கடியான் யாரோடோ வாதம் செய்கிறான். கதையின் உண்மையான வாசல் ஆறாம் அத்தியாயம், 'நடுநிசிக் கூட்டம்'. கடம்பூர் மாளிகையில் எல்லோரும் தூங்கிய பிறகு சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுவதை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கும் இடம். வாசலுக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் பையன் திரும்பிவிட்டான், அவ்வளவுதான்.

அந்த ஐந்து புத்தகத்தையும் இப்போதைக்கு மேசைக்கு அடியிலேயே விடுங்கள். அடுத்த நீண்ட விடுமுறையில் எடுக்கலாம். எடுக்கும்போது முதல் ஆறு அத்தியாயத்தையும் நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், இரவுக்கு இரண்டு அத்தியாயம், மூன்று இரவு. கூடவே கொப்பியில் ஒரு தாள் கிழித்துப் பெயர்களை எழுதி புத்தகத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் குழம்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பழுவேட்டரையர் இரண்டு பேர்: பெரியவர் நந்தினியின் கணவர், பொக்கிஷம் அவர் கையில்; சின்னவர் தஞ்சைக் கோட்டைக்குக் காவல். அருள்மொழிவர்மன், பொன்னியின் செல்வன், பின்னால் இராஜராஜன், மூன்றும் ஒரே ஆள். இது தெரியாமல் நூறு பக்கம் வாசித்த பெரியவர்களும் உண்டு. 2022இலும் 2023இலும் வந்த படங்களைப் பார்த்திருந்தால் நல்லது, பெயருக்கு முகம் கிடைத்துவிடும். கதை தெரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். படத்தில் பலதும் மாறியிருக்கிறது, எங்கே மாறியது என்று பிடிப்பதே பிள்ளைக்கு ஒரு விளையாட்டு. இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் இலங்கைக்கு வருகிறான். மாதோட்டம், அநுராதபுரம், தம்புள்ளை எல்லாம் வரும். தம்புள்ளையைக் கல்கி 'தம்பள்ளை' என்று எழுதுவார். பாடசாலைச் சுற்றுலாவில் அந்தக் குகை விகாரைக்கு ஏறியிருந்தால் அந்தப் பக்கங்களில் பையன் நிமிர்ந்து உட்காருவான்.

இப்போது தேவைப்படுவது ஒரே கிழமையில் முடிகிற ஒரு புத்தகம். நூறு, நூற்றைம்பது பக்கம் போதும். ஒரு நாவலை முடித்துவிட்டேன் என்ற பெருமை வந்த பிள்ளைதான் அடுத்ததைக் கேட்கும். கொடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்து மனதுக்குள் வாசிக்கச் சொல்லி நேரம் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்து, விளங்காத சொல் ஐந்துக்குள் இருந்தால் அந்தப் புத்தகம் சரி. ஐந்து நிமிடம் இழுத்தால் பிள்ளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறது, கதைக்குள் போகவில்லை. அப்போது அதைவிட எளிதான ஒன்றுக்கு இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகனுக்கு முதலில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. போனில் கேம், ரொபோ, சண்டை என்று பார்க்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் நாவல் கிடைப்பது கஷ்டம். பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேல் வைக்கக்கூடாது, குழந்தை பெறுவதற்கும் அரசாங்க அனுமதி வேண்டும் என்கிற ஒரு சர்வாதிகார நாட்டில், நிலா என்ற பெண்ணும் புத்தகம் வாசிக்கிற ஜீனோ என்ற இயந்திர நாயும் சேர்ந்து செய்கிற வேலைதான் கதை. தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயமும் ஏதோ ஒரு முடிச்சில் நிற்கும், வசனங்கள் சிறியவை. 1980களில் எழுதிய கதை நடப்பதோ நாம் இப்போது வாழ்கிற இந்தப் பத்தாண்டில். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பையன் தானே கணக்குப் பார்ப்பான். பிடித்துவிட்டால் இரண்டாம் பகுதி 'மீண்டும் ஜீனோ'. ஆனால் சுஜாதாவின் பெயரைப் பார்த்து அவருடைய எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்காதீர்கள். துப்பறியும் நாவல்கள் சிலவற்றில் பெரியவர்களுக்கான விஷயம் கலந்திருக்கும்.

அறிவியல் பிடிக்காமல் காடு, மலை, சாகசம் என்றால் ஜெயமோகன் சிறுவர்களுக்காகவே எழுதிய 'பனி மனிதன்'. இமயமலையில் பனிமனிதனின் காலடித்தடத்தைத் தேடிப் போகிற கதை. படித்தவுடன் கூகிளில் தேட வைக்கிற புத்தகம். போன் அந்த நேரம் நல்ல வேலைக்குப் பயன்படட்டும்.

மகளுக்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. உண்மையில் இது நாவல் அல்ல, தெத்சுகோ குரோயாநாகி தன் சின்ன வயதைப் பற்றி எழுதியது, வாசிக்கும்போது நாவல்தான். குழப்படி என்று ஒரு பாடசாலை விலக்கிய சிறுமி, பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கிற இன்னொரு பாடசாலையில் போய்ச் சேர்கிறாள். பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து ஏதாவது, கடலிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று அங்கே தலைமை ஆசிரியர் விதி வைத்திருப்பார். ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு போகிற பிள்ளை அந்த இடத்தில் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கும்: சம்பலில் மாசி இருந்தால் கடலும் வந்தாயிற்று. அத்தியாயங்கள் மூன்று நான்கு பக்கம்தான். பாதியில் எங்கே நிறுத்தினாலும் தொடரலாம்.

அடுத்து, இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக, என் பட்டியலில் முதலிடம் கொடுக்கிற சிறு நாவல் ஒன்று: சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. கிர்கீசிய மலைநாடு, 1920கள். தானே சரியாக எழுத்துத் தெரியாத துய்ஷேன் என்ற இளைஞன் ஒரு பழைய குதிரை லாயத்தைத் துடைத்துப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான். ஊரார் சிரிக்கிறார்கள். குளிர்காலத்தில் உறைபனி ஓடையைக் கடக்க முடியாத சின்னப் பிள்ளைகளை, வெறும் காலோடு தண்ணீரில் இறங்கி, முதுகிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் விடுவான். மழை நாளில் ஆற்றைத் தாண்டிப் பாடசாலை போகிற தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் பக்கத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. நூறு பக்கத்துக்குப் பக்கத்தில்தான் வரும். ஒரு எச்சரிக்கை: கதையில் வரும் அல்தினாய் என்ற மாணவியை வலுக்கட்டாயமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிற பகுதி ஒன்று உண்டு. பச்சையாக எழுதப்படவில்லை, ஆனால் கனமானது. தரம் 8 பிள்ளை வாசிக்கும்போது நீங்களும் வாசித்திருங்கள்.

இலங்கைக் கதை என்றால் மார்ட்டின் விக்ரமசிங்கவின் 'மடோல் தூவ', 1947இல் வந்தது. உபாலியும் ஜின்னாவும் வீட்டைவிட்டு ஓடி, தெற்கே வாவி நடுவிலிருக்கும் ஒரு சிறு தீவில் போய்க் குடியேறுகிற கதை. தமிழிலும் கிடைக்கும். இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிற பிள்ளையாக இருந்தால், தமிழில் முடித்த பிறகு சிங்களப் புத்தகத்தையும் நூலகத்தில் எடுத்து, பிடித்த ஒரு அத்தியாயத்தை மட்டும் வாசித்துப் பார்க்கட்டும். கதை தெரிந்திருப்பதால் பாதிச் சொல் தானாக விளங்கும். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவு மீனவர் கதை, 15 வயதுக்கு மேல் கொடுக்கலாம். சிரிக்க வேண்டுமென்றால் அவருடைய 'ஆச்சி பயணம் போகிறாள்'. யாழ்ப்பாணப் பேச்சு முதல் பத்துப் பக்கம் தடுக்கும், பிறகு பழகிவிடும்.

மலையக நாவல்களை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான். லயம், பெரட்டு, கொழுந்து எடை, துரையின் அதட்டல் என்று பிள்ளை தினம் காண்பதையும் தாத்தா சொல்லக் கேட்டதையும் முதல் புத்தகமாகக் கொடுத்தால், 'இதுதான் தெரியுமே' என்று மூடிவிடும். வெளி உலகக் கதை மூன்று நான்கு முடித்து, கதை என்பது எப்படிச் சொல்லப்படுகிறது என்ற ருசி வந்த பிறகு கொடுத்தால் அதே லயம் வேறாகத் தெரியும். அப்போது சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நல்ல தொடக்கம். சங்கம் சேர்க்கப் போய்த் தொழிலையும் இருந்த காம்பராவையும் இழக்கிற தொழிலாளியின் கதை. சின்னது, நேராகச் சொல்லப்பட்டது. அடுத்து கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', 1964. இந்தியக் கிராமத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்கிற பெண்ணின் வாழ்க்கை; மகளுக்கு இரண்டு வருடம் கழித்து. தெளிவத்தை ஜோசப்பின் 'குடை நிழல்' கொழும்பில் சந்தேகத்தின் பேரில் பிடித்துப்போகப்படும் மலையகத்துக்காரரைப் பற்றியது, உயர்தரப் பிள்ளைகளுக்கு. 'எரியும் பனிக்காடு' தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் கதை. அதில் பெண்கள் மீதான கொடுமை விரிவாக வருவதால் 17 வயதுக்கு முன் வேண்டாம்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்கத்திலேயே, குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்த பெண்ணைக் காதணிக்காக ஒரு திருடன் நீரில் அமுக்குகிறான்; சாகும்போதும் அவள் அவன் கால் விரலைக் கடித்த கடியை விடவில்லை. பதினைந்து வயதுப் பையன் அதற்குமேல் புத்தகத்தை வைக்கமாட்டான். ஆனால் அதன்பின் ஒரே கதையாக ஓடாது, கிளை கிளையாகப் பிரியும். அதை முன்னமே சொல்லிவிடுங்கள். பாட்டி பேசுகிற சொற்கள் பல அச்சில் இருக்கும். விளங்காததைப் பாட்டியிடமே கேட்கட்டும்.

இனி புத்தகம் எங்கே எடுப்பது. வாங்குவதைக் கடைசியில் வையுங்கள். உங்கள் பிரதேச சபை அல்லது நகரசபை நூலகத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியே அங்கத்துவம் எடுங்கள். பிணை கையொப்பம், கட்டணம் எல்லாம் இடத்துக்கு இடம் வேறு. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பஸ் காசு வீண். பிள்ளையை வெறுமனே 'போய் எடு' என்று அனுப்பினால் அலுமாரியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வரும். புத்தகப் பெயரும் எழுதியவர் பெயரும் எழுதிய துண்டு கையில் இருக்கட்டும். மூன்று பெயர் எழுதினால் ஒன்றாவது கிடைக்கும்.

போனையே பயன்படுத்துவதும் தப்பில்லை. கல்கியின் நாவல்கள் 'மதுரைத் திட்டம்' என்ற மின்தொகுப்பில் இலவசம். 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம், அதுவும் இலவசம். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் (பி.டி.எஃப். கோப்பில் அல்ல) எழுத்தாகவே இருப்பதால், எழுத்தளவைக் கூட்டினால் வரி மடிந்து திரைக்குள் நிற்கும். நூலகத்தில் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருப்பதால், பெரிதாக்கினால் வரியின் ஓரம் வெளியே ஓடிவிடும். போனைப் படுக்க வைத்துப் பிடித்து, பக்கத்தை அகலத்துக்குப் பொருத்தி, மேலிருந்து கீழாக மட்டும் தள்ளி வாசிக்க வேண்டும். சிக்னல் நிலையாக நிற்காத தோட்டங்களில் டவுனுக்குப் போகும்போதே இறக்கிவைத்து, வாசிக்கும்போது பிளைட் மோடில் போடுங்கள். மெசேஜ் சத்தம் ஒன்று கேட்டால் அந்த இரவு வாசிப்பு முடிந்தது.

நேரம் இருபது நிமிடம் போதும், தினமும் ஒரே நேரத்தில். இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று வைத்தால் நல்லது. பிறகு என்றால் தூக்கம். அந்த இருபது நிமிடம் வீட்டு டிவியும் நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். முப்பது பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால் மாற்ற அனுமதியுங்கள், ஏன் என்று மட்டும் ஒரு வரி கேளுங்கள். 'பெயர் குழப்பம்' என்றால் தாள் எழுதலாம், 'ஒன்றுமே நடக்கவில்லை' என்றால் வேகமான கதைக்குப் போகலாம், 'எழுத்துச் சின்னது' என்றால் கண்ணைக் காட்டுங்கள். மலிவுப் பதிப்புகளில் எழுத்து உண்மையிலேயே சிறிது; கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் கதை பிடிக்கவில்லை என்று சொல்லும்.

முடித்த பிறகு கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள், 'இதிலிருந்து என்ன படித்தாய்' என்றும் கேட்காதீர்கள். பாடசாலையில் அது போதுமான அளவு நடக்கிறது. ஜீனோ கடைசியில் என்ன ஆனது என்று தெரியாத மாதிரிக் கேளுங்கள், சொல்லும்.

மகன் அடுத்த வருடம் ஓ.எல். என்பதால் ஒரு கணக்கு: பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நீண்ட நாவல் எதையும் தொடங்க விடாதீர்கள், பாதியில் நிற்கும். அந்தக் காலத்துக்கு டோட்டோ-சானைத் தங்கையிடமிருந்து வாங்கிக்கொள்ளட்டும்.